முதலில் அறையைத் திருத்துங்கள், பிறகு சாப்ட்வேர்!

கம்ப்யூட்டர் வாங்கிய பலருக்கும் கொஞ்ச நாளில் ஓர் ஆசை வருகிறது. பாட்டு கேட்டால் மட்டும் போதாது, நாமே பாடி அல்லது வாசித்துப் பதிவு செய்ய வேண்டும் என்ற ஆசை. நல்ல ஆசைதான். ஒரு காலத்தில் ரிக்கார்டிங் தியேட்டருக்குப் போய் மணிக்கணக்குக்குப் பணம் கட்டிச் செய்த வேலையை, இன்று ஒரு கம்ப்யூட்டர், ஒரு மைக், ஆடாசிட்டி போன்ற ஓர் இலவச சாப்ட்வேர் ஆகியவற்றைக் கொண்டு வீட்டிலேயே செய்து விடலாம்.

ஆனால் இந்த ஆசையில் இறங்குபவர்கள் பணத்தைச் செலவிடும் வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து. முதலில் மைக், பிறகு அதைவிட விலை உயர்ந்த மைக், பிறகு பெரிய ஸ்பீக்கர், அதன் பிறகு ஒலியைத் திருத்தும் சாப்ட்வேர் என்று வாங்குகிறார்கள். இவை எல்லாவற்றையும் வைத்திருக்கும் அறையை யாரும் கவனிப்பதில்லை. நானும் கவனிக்கவில்லை. அதனால் திரும்பக் கிடைக்காத ஒன்றை இழந்தேன். அதைச் சொல்லிவிட்டு விஷயத்திற்கு வருகிறேன்.

<b>நான் கெடுத்த மிருதங்கம்</b>

எங்கள் தெருவில் ஒரு மிருதங்க வாத்தியார் இருந்தார். சிறுவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். வயது எழுபதைத் தாண்டியவர். ஒரு நாள் என் வீட்டுக்கு அழைத்து வந்து அரை மணி நேரத் தனி ஆவர்த்தனத்தைப் பதிவு செய்தேன். என் அறை 10 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். கம்ப்யூட்டர் மேஜை சுவரை ஒட்டி இருந்தது. நான் அறையின் சரியான நடுவில் உட்கார்ந்து கேட்டேன்.

வலந்தலை கணீரென்று கேட்டது. தொப்பியின் கும்காரம் மட்டும் கேட்கவே இல்லை. மைக் சரியில்லை என்று நினைத்து, ஈக்வலைசரில் பேஸ் பகுதியைத் தாராளமாக ஏற்றினேன். கேட்க அருமையாக இருந்தது. எம்பி3 ஆக மாற்றி வைத்துக் கொண்டு, ஹார்ட் டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று அசல் வேவ் பைலை அழித்து விட்டேன்.

அந்தப் பதிவை நண்பரின் காரில் போட்டபோது கண்ணாடி அதிர்ந்தது. தொப்பி மட்டும் லாரி போவது போல உறுமியது. வாத்தியாரிடம் போட்டுக் காட்டினேன். அவர் கோபப்படவில்லை. "தம்பி, ரவை பூசி அரை மணி நேரம் சுருதி பார்த்தேனே. இது என் தொப்பி இல்லையே" என்றார். அடுத்த வாரம் மறுபடி பதிவு செய்யலாம் என்றேன். அந்த அடுத்த வாரம் வரவே இல்லை. அவருக்கு உடம்பு முடியாமல் போனது. சில மாதங்களில் காலமாகி விட்டார்.

ஏற்றிய பேஸை இறக்கிவிட்டால் சரியாகி விடாதா என்று கேட்கலாம். செய்து பார்த்தேன். நான் ஏற்றியதில் ஒலி அளவு எல்லை தாண்டி, அலைகளின் தலை நசுங்கியிருந்தது. நசுங்கியதை எந்த சாப்ட்வேரும் முழுமையாக நிமிர்த்தாது. இன்று அவருடைய மாணவர்களிடம் இருப்பது அந்த உறுமல்தான்.

குற்றம் மைக்கின் மேல் இல்லை. சாப்ட்வேரின் மேலும் இல்லை. என் அறையின் மேலும், அறையைப் பற்றி எதுவும் தெரியாத என் மேலும்தான்.

<b>அறை என்ன செய்கிறது?</b>

குளியல் அறையில் பாடினால் நம் குரலே நமக்குப் பிடிக்கிறது அல்லவா? சுவர்கள் ஒலியைத் திருப்பி அனுப்பிச் சில சுரங்களைத் தூக்கிக் காட்டுவதால் வரும் மயக்கம் அது. எல்லா அறையும் இதைச் செய்கிறது. பெரிய மண்டபத்தில் இந்த விளைவு நெருக்கமாகப் பரவி விடும். சிறிய அறையில் சில குறிப்பிட்ட அதிர்வெண்களில் மட்டும் குவிந்து நிற்கும்.

கணக்கு எளிதுதான். ஒலி ஒரு நொடியில் சுமார் 344 மீட்டர் செல்கிறது. 10 அடி என்பது 3.05 மீட்டர். எதிரெதிரான இரண்டு சுவர்களுக்கு இடையே முதலில் எதிரொலித்து நிற்கும் அதிர்வெண்ணைக் கண்டுபிடிக்க, 344-ஐ அறை நீளத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 344-ஐ 6.1-ஆல் வகுத்தால் சுமார் 56 ஹெர்ட்ஸ். இதன் மடங்குகளான 113, 169 ஆகியவற்றிலும் இதே கதைதான்.

என் அறையில் நீளம், அகலம், உயரம் மூன்றும் 10 அடி. எனவே மூன்று திசைகளிலும் அதே 56 ஹெர்ட்ஸ் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கொள்கிறது. ஒலிக்கு இதைவிட மோசமான வடிவம் இல்லை. நம் ஊர் வீடுகளில் பத்துக்குப் பத்து அறை சர்வ சாதாரணம். 12 அடிக்கு 10 அடி அறை என்றால் நீளவாக்கில் 47 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 56 என்று கொஞ்சம் பிரிந்து போகும். பரவாயில்லை ரகம்.

இப்படி நிற்கும் ஒலி அறை முழுவதும் ஒரே அளவில் கேட்காது. சுவர் ஓரத்திலும் மூலைகளிலும் பலமாகக் கேட்கும். சரியாக நடுவில் கிட்டத்தட்ட மறைந்து விடும். நான் உட்கார்ந்திருந்தது அந்த நடுவில்தான். தொப்பி மைக்கில் பதிவாகியிருந்தது, ஸ்பீக்கரிலும் வந்தது. என் காது இருந்த இடத்தில் மட்டும் அது இல்லை. இல்லாததை ஏற்றப் போய், இருந்ததைக் கெடுத்தேன்.

<b>உங்கள் அறையைச் சோதியுங்கள்</b>

நான் சொல்வதை நம்ப வேண்டாம். நீங்களே சோதித்துப் பாருங்கள். ஆடாசிட்டியில் ஜெனரேட் மெனுவைத் திறந்து சிர்ப் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொடக்க அதிர்வெண் 40, முடிவு 200, நேரம் 60 நொடி என்று கொடுங்கள். சத்தத்தைக் குறைவாக வைத்து பிளே செய்யுங்கள். இடைவிடாத பேஸ் ஒலியை அதிக சத்தத்தில் ஓட்டினால் ஸ்பீக்கரின் காயில் எரிந்து போகும் ஆபத்து உண்டு.

ஒலி சீராக ஏறி வர வேண்டும். ஆனால் உங்கள் நாற்காலியில் அது திடீரென்று பொங்கும், திடீரென்று காணாமல் போகும். அடுத்து அதே மெனுவில் டோன் என்பதைத் தேர்ந்தெடுத்து, மேலே சொன்ன கணக்குப்படி உங்கள் அறைக்கு வரும் எண்ணைக் கொடுங்கள். அதை ஓட விட்டு, சுவரிலிருந்து அறையின் நடு வரைக்கும் மெதுவாக நடந்து பாருங்கள். பத்தடிக்குள் இவ்வளவு வித்தியாசமா என்று நீங்களே கேட்பீர்கள். கம்ப்யூட்டருடன் வரும் சிறிய ஸ்பீக்கர்களால் 56 ஹெர்ட்ஸ் ஒலியைச் சரியாகத் தர முடியாது. அப்படியானால் 113 ஹெர்ட்ஸ் போன்ற மடங்குகளில் சோதியுங்கள். அந்த ஒலி நடுவிலும் சுவர் ஓரத்திலும் பலமாகவும், சுவரிலிருந்து இரண்டரை அடியில் மெலிந்தும் கேட்கும்.

<b>செலவில்லாத முதல் மருந்து</b>

சோதித்து முடித்ததும் நாற்காலியை நகர்த்துங்கள். அறையின் நடுவில் உட்கார வேண்டாம். பின் சுவரை ஒட்டியும் வேண்டாம். முன் சுவரிலிருந்து அறை நீளத்தில் சுமார் 38 சதவீதத் தூரத்தில் உட்கார்வது நல்ல தொடக்கம் என்பது இத்துறையில் வழங்கும் பொது விதி. 10 அடி அறைக்கு அது நாலடிக்குச் சற்றுக் குறைவு. அங்கிருந்து முன்னும் பின்னும் நகர்த்தி, சிர்ப் ஒலி சீராகக் கேட்கும் இடத்தைப் பிடியுங்கள்.

ஸ்பீக்கரையும் நகர்த்துங்கள். ஸ்பீக்கரிலிருந்து பின்பக்கம் போகும் பேஸ் ஒலி சுவரில் பட்டுத் திரும்பி வந்து நேரடி ஒலியை ஒழிக்கும். ஸ்பீக்கர் முகம் சுவரிலிருந்து 2 அடி தள்ளி இருந்தால் 140 ஹெர்ட்ஸ் அருகில் பள்ளம் விழும். ஆண் குரலின் உடம்பே அந்தப் பகுதியில்தான் இருக்கிறது. சிறிய அறையில் ஸ்பீக்கரைச் சுவருக்கு மிக அருகில் வைத்து, ஏறும் பேஸைக் கொஞ்சம் குறைத்துக் கொள்வதே மேல்.

<b>முட்டை அட்டையும் பஞ்சுப் பட்டையும்</b>

இதற்குப் பிறகும் மூலைகளில் தேங்கும் பேஸை உறிஞ்ச வேண்டும். இங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முட்டை அட்டையை ஒட்டினால் போதும் என்று யாராவது சொல்வார்கள். அந்த அட்டை பேஸை ஒன்றும் செய்யாது. தெர்மோகோலும் பயன்படாது. அதற்குள் காற்று புகுந்து போக வழியே இல்லை. கடையில் விற்கும் ஓர் அங்குல போம் பட்டைகள் உச்ச ஒலியை மட்டும் உறிஞ்சும். அறை முழுக்க அதை ஒட்டினால் குரலின் பளபளப்பு போய் விடும், உறுமல் அப்படியே இருக்கும். முன்பைவிட மோசம்.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. 2003 பிப்ரவரி 20 அன்று அமெரிக்காவின் ரோட் ஐலண்டில் தி ஸ்டேஷன் என்ற இரவு விடுதியில், மேடையில் கொளுத்திய வாணத்தின் பொறி சுவரில் ஒலிக்காக ஒட்டியிருந்த போமில் பற்றியது. சில நிமிடங்களில் கட்டடம் முழுவதும் எரிந்தது. 100 பேர் இறந்தார்கள். தீ தாங்கும் என்ற சான்று இல்லாத மலிவான போமை வீட்டுச் சுவரில் ஒட்டாதீர்கள். அதுவும் பிளக் பாயிண்டுகள் நிறைந்த கம்ப்யூட்டர் அறையில் கூடவே கூடாது.

<b>நாமே செய்யும் பேஸ் டிராப்</b>

எனக்குப் பலன் தந்தது ராக்வூல். பாறையை உருக்கி இழையாக்கிச் செய்யும் பலகை. ஏசி வேலை, பாய்லர் வேலை செய்பவர்களுக்குப் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும். கன மீட்டருக்கு 48 அல்லது 64 கிலோ அடர்த்தி என்று கேட்டு வாங்குங்கள். இது எரியாது.

2 அங்குலப் பலகைகள் இரண்டைச் சேர்த்தால் 4 அங்குல கனம். 4 அடிக்கு 2 அடி அளவில் மரச் சட்டம் செய்து தர ஆசாரியிடம் சொல்லுங்கள். கரையான் மருந்து பூசிய மரமாக இருக்கட்டும். ராக்வூலை மெல்லிய நான்-வோவன் துணியில் சுற்றிச் சட்டத்தில் வைத்து, மேலே காடாத் துணியை இழுத்து அடியுங்கள். எந்தத் துணியாக இருந்தாலும் வாயில் வைத்து ஊதிப் பாருங்கள். காற்று தடையில்லாமல் போக வேண்டும். ரெக்சின், பிளாஸ்டிக் வேண்டாம். பின்பக்கத்தைப் பலகை போட்டு அடைக்காதீர்கள். வேலை செய்யும்போது முகமூடி, கையுறை, முழுக்கைச் சட்டை கட்டாயம். அந்த இழை தோலை அரிக்கும். மூச்சுக்கும் நல்லதல்ல.

இதை மூலையின் குறுக்கே சாய்சதுரமாக நிறுத்த வேண்டும். அறையின் எல்லா எதிரொலிகளும் மூலையில் வந்து சேர்வதால் அங்கே வைத்தால் எல்லாவற்றின் மேலும் வேலை செய்யும். ராக்வூல் போன்ற பொருள், காற்று அசையும் இடத்தில்தான் ஒலியை உறிஞ்சும். சுவரை ஒட்டிய இடத்தில் காற்று அசைவதில்லை. குறுக்கே நிறுத்தும்போது நடுவில் மூலை வரைக்கும் ஓர் அடி ஆழம் கிடைக்கிறது. அந்த இடைவெளியும் சேர்ந்து வேலை செய்கிறது.

ஒரு மூலைக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு. கதவு இருக்கும் மூலையை விட்டு மூன்று மூலைக்கு ஆறு சட்டங்கள் செய்தேன். விழாமல் இருக்கச் சுவரில் கொக்கி மாட்டிக் கட்டுங்கள். மழைக்காலத்தில் ஓதம் ஏறும் சுவராக இருந்தால் முதலில் அதைச் சரி செய்யுங்கள். இல்லாவிட்டால் துணியில் பூஞ்சை பிடிக்கும்.

செலவு செய்வதற்கு முன் பலன் தெரிய வேண்டுமா? வீட்டில் உள்ள பஞ்சு மெத்தைகளைச் சுருட்டி இரண்டு மூலைகளில் நிறுத்தி, சிர்ப் ஒலியை மறுபடி கேளுங்கள். வித்தியாசம் தெரிந்தால் பிறகு ஆசாரியைக் கூப்பிடலாம். பஞ்சு எரியும் பொருள். சோதனை முடிந்ததும் எடுத்து விடுங்கள்.

எதிர்பார்ப்பு அளவோடு இருக்கட்டும். 56 ஹெர்ட்ஸின் அலை நீளம் 6 மீட்டருக்கு மேல். ஓர் அடி ஆழ டிராப் அதை முழுவதும் விழுங்கி விடாது. 100 ஹெர்ட்ஸுக்கு மேல் நல்ல பலன் தெரியும். அதற்குக் கீழே உறுமல் கொஞ்சம் சீக்கிரம் அடங்கும், பள்ளத்தின் ஆழம் கொஞ்சம் குறையும். அந்தக் கொஞ்சமே என் காதுக்குப் பெரிய விஷயமாக இருந்தது. இன்னொன்று, பக்கத்து வீட்டுக்குச் சத்தம் போவதை இது தடுக்காது. அது வேறு வேலை.

<b>சாப்ட்வேர் எங்கே வருகிறது?</b>

இப்போது சாப்ட்வேருக்கு வரலாம். ஆர்ஈடபிள்யூ எனப்படும் ரூம் ஈக்யூ விசார்டை இன்டர்நெட்டிலிருந்து இலவசமாக டவுன்லோட் செய்யலாம். இது சிர்ப் போன்ற ஒலியை அனுப்பி, மைக் வழியாகக் கேட்டு, அறை செய்யும் மேடு பள்ளங்களை வரைபடமாகக் காட்டும். யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக் இருந்தால் நல்லது. ஒவ்வொரு மைக்கின் சீரியல் எண்ணுக்கும் தனியாகத் திருத்தப் பைல் கிடைக்கிறது. சாதாரண மைக்காக இருந்தாலும், டிராப் வைப்பதற்கு முன், வைத்த பின் என்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

அதே சாப்ட்வேர் திருத்த அளவுகளையும் கணக்கிட்டுத் தரும். விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ என்ற மற்றோர் இலவச சாப்ட்வேரில் அவற்றை ஏற்றலாம். ஏசியோ டிரைவர் வழியாகப் போகும் ஒலியில் இது வேலை செய்யாது என்பதை நினைவில் வையுங்கள். காசு கொடுத்து வாங்குபவர்களுக்கு சவுண்ட்ஐடி ரெபரன்ஸ், ஏஆர்சி போன்றவை இருக்கின்றன.

ஆனால் எவ்வளவு விலை கொடுத்தாலும் இவற்றுக்கு ஓர் எல்லை உண்டு. மேட்டைக் குறைக்க முடியும். பள்ளத்தை நிரப்ப முடியாது. பள்ளம் என்பது இரண்டு அலைகள் மோதி ஒன்றை ஒன்று ஒழித்த இடம். ஒலியை ஏற்றினால் இரண்டு அலைகளும் சேர்ந்தே ஏறும், மறுபடி ஒழிந்து போகும். 10 டெசிபல் ஏற்றினால் ஆம்ப்ளிபயர் பத்து மடங்கு சக்தி தர வேண்டும். உங்கள் நாற்காலியில் எதுவும் கேட்காது, அடுத்த அறையில் ஜன்னல் அதிரும். இதைத்தான் நான் அன்று மிருதங்கத்துக்குச் செய்தேன். மேலும், சாப்ட்வேர் திருத்துவது மைக் இருந்த ஓர் இடத்துக்குத்தான். தலையை இரண்டடி நகர்த்தினால் கணக்கு மாறி விடும்.

எனவே என் சிபாரிசு இதுதான். திருத்தத்தை 200 அல்லது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே மட்டும் வையுங்கள். மேடுகளைக் குறையுங்கள், பள்ளங்களை விட்டு விடுங்கள். இந்தத் திருத்தம் நீங்கள் கேட்பதற்கு மட்டுமே. பாட்டை எக்ஸ்போர்ட் செய்யும்போது அது பைலுக்குள் போய்விடாமல் அணைத்து வையுங்கள்.

ஹெட்போன் போட்டால் அறையே தேவையில்லையே என்று சிலர் கேட்பார்கள். பாதி சரி. கேட்கும்போது அறை இடையில் வராது. நானும் இப்போது ஒவ்வொரு பதிவையும் ஹெட்போனில் ஒரு முறை சரி பார்க்கிறேன். ஆனால் பதிவு செய்யும்போது மைக் கேட்பது உங்கள் அறையைத்தான். மைக்குக்கு ஹெட்போன் மாட்ட முடியாதே!

<b>வரிசையை மாற்றுங்கள்</b>

முதலில் நாற்காலி, பிறகு ஸ்பீக்கர் இடம், பிறகு மூலைகளில் டிராப், கடைசியில் சாப்ட்வேர். முதல் இரண்டுக்கும் செலவே இல்லை. புதிய மைக்கைப் பற்றி இதற்குப் பிறகு யோசியுங்கள். ஒருவேளை தேவைப்படாமலே போகலாம்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று. நீங்கள் பதிவு செய்யும் பாட்டி, தாத்தா, வாத்தியார் யாராக இருந்தாலும், அசல் வேவ் பைலை அழிக்காதீர்கள். தனி டிஸ்க்கில் இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். இன்று உங்கள் அறை தவறாகச் சொல்லலாம், உங்கள் காதும் தவறாகக் கேட்கலாம். அசல் இருந்தால் பத்து வருடம் கழித்தும் திருத்திக் கொள்ளலாம். என் கம்ப்யூட்டரில் அந்த வாத்தியாரின் பெயரில் ஒரு போல்டர் இருக்கிறது. அதற்குள் ஓர் எம்பி3 மட்டும்தான் இருக்கிறது. உங்கள் போல்டர் அப்படி இருக்க வேண்டாம்.